விழுந்த பல்லும் விரையும் நேரமும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம்மவர் பழமொழி. முதியோரைக் குறித்துச் சொல்லப்படும் இம்மொழி, விசேட தேவையுடைய சிறுவர்க்கு எத்துணை பொருந்தும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பேசவும் உண்ணவும் ஏற்கெனவே இடர்ப்படும் பிள்ளை, முன்பல்லையும் இழந்தால் என் செய்யும்?

வன்னியில் போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. அதிலே அங்கம் இழந்த சிறுவர் இன்று வளர்ந்துவிட்டனர். எனினும் மூளைவாதம், வலிப்பு, பார்வைக் குறைவு முதலியவற்றோடு வளரும் பிள்ளைகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இன்றும் உள்ளனர். வவுனியாவில் வரோட் நிறுவனமும் வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லமும் விசேட தேவையுடையோருக்காக உழைத்து வந்துள்ளன. ஆயினும் பெரும் பொறுப்பு பெற்றோருடையதே.

கால் இடறினால் நாம் கையை ஊன்றித் தப்புகிறோம். தசைகள் இசைந்து இயங்காத பிள்ளையின் கையோ உரிய வேளையில் நீளாது; முகமே தரையில் மோதும். மேல்வரிசை முன்பற்களே பெரும்பாலும் அடிபடும். அவை வெளியே துருத்தி, உதடு மூடாதிருந்தால் ஆபத்து அதிகம்.

வலிப்பு வந்தவுடன் கரண்டியால் பல்லை நெம்பும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். அதனால் பல் உடைவதோடு, உடைந்த துண்டு மூச்சுக்குழலுக்குள்ளும் போகலாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முறை.

பாற்பல் விழுந்தால் அதைத் திரும்பப் பொருத்தலாகாது. கூரையில் எறிந்து அணிலுக்குக் கொடுக்கும் நம் வழக்கம் அதற்கே உரியது. நிலைத்த பல் விழுந்தாலோ எறியாதீர்கள்! வேரைத் தொடாது தலைப்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் பாலில் ஒரு கணம் அலசி, அதே குழியில் பொருத்தித் துணியைக் கடிக்கச் செய்க. வலிப்புள்ள பிள்ளையும் அமைதியாக இருக்க இயலாத பிள்ளையும் அதை விழுங்கிவிடக் கூடும். அவர்களுடைய பல்லைப் பாலில் இட்டுக் கொண்டு செல்க. வேரைச் சூழ்ந்த உயிரணுக்கள் உலர்ந்தால் அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மடியத் தொடங்கும். தண்ணீரில் ஊறினாலும் கெடும். ஒதுக்குப்புறக் கிராமத்திலிருந்து மாவட்ட வைத்தியசாலையை அடைய அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே வீட்டிலுள்ள ஒரு குவளைப் பாலே முதல் வைத்தியன் ஆகின்றது. பல் கிடைக்காவிடில் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது நெஞ்சுக்குள் போயிருக்கலாம். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

வாய்விட்டுச் சொல்ல இயலாத பிள்ளை உணவை மறுத்தாலோ, தன் கையைக் கடித்தாலோ, அதைப் பிடிவாதமென்று அடக்காதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள்; பல்நோவாக இருக்கலாம்.

வருமுன் காப்பதோ எளிது. படி விளிம்புக்கு வெள்ளை பூசுங்கள். சக்கர நாற்காலியில் பட்டியை மறவாது கட்டுங்கள். 1950களில் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமவில் பயிற்சி தொடங்கப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை நம் நாட்டின் பேறு. அதன் நாற்காலியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. நடக்க முடியாதவன் என்பதற்காக நம் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடலாமா?