பூட்டு இருந்தால் போதுமா? பெயரையும் படியுங்கள்!

மும்பையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் தமிழர்கள், ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு காலத்தில் தபால் ஆபீசில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்தார்கள். இன்று பலர் செல்போனில் பாங்கியின் இணையதளத்தைத் திறந்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த ரகசிய எண் நடுவழியில் திருட்டுப் போகாமல் காப்பது எது? "டிஜிட்டல் சான்றிதழ்" என்பதுதான் அது.

அதிகாரியின் கையெழுத்து

வேலைக்கு மனுப் போடும்போது, நகலில் கெஜட்டெட் அதிகாரியின் கையெழுத்து வாங்குவது முன்பு வழக்கமாக இருந்தது. மனுப் போட்டவரை ஆபீசில் யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டவரை நம்பி ஏற்றுக்கொண்டார்கள். இதுவும் அப்படித்தான்.

இணையதளம் நடத்துவோர், சான்றளிக்கும் நிறுவனத்திடம் விண்ணப்பிக்கிறார்கள். அந்தத் தளப் பெயர் அவர்கள் வசம் இருக்கிறதா என்று சோதித்து, நிறுவனம் கையெழுத்திட்டுக் கொடுக்கிறது. சான்றிதழில் தளத்தின் பெயர், காலாவதித் தேதி, "பொதுச் சாவி" என்ற நீண்ட எண் ஆகியவை இருக்கும். அதற்கு ஜோடியான தனிச் சாவியைத் தளத்துக்காரர் யாருக்கும் காட்டமாட்டார்.

நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் செல்போனிலேயே இருக்கிறது. தளத்தைத் திறந்ததும், செல்போன் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. ஜோடிச் சாவி தளத்திடம் உண்டா என்றும் சோதிக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால், அந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு ரகசியச் சாவி உருவாகும். பிறகு போவதெல்லாம் சங்கேத எழுத்து. ரெயில் நிலைய வைபையில் ஒட்டுக்கேட்பவனுக்கு ரகசிய எண் தெரியாது.

கையெழுத்தே பொய்யானால்?

2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்று நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் மர்ம ஆசாமிகள் புகுந்தனர். கூகுள் பெயர் உள்பட 500-க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்கள் உண்டாக்கப்பட்டன. ஈரானில் பலருடைய ஜிமெயில் ஆபத்துக்கு உள்ளானது. நம்பிக்கைப் பட்டியலில் இருந்து அந்த நிறுவனம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு திவாலாகிவிட்டது.

திருடனுக்கும் கிடைக்கும்!

"இந்தப் பெயருள்ள தளத்தோடுதான் பேசுகிறீர்கள்" என்று மட்டுமே சான்றிதழ் சொல்லும். தளத்துக்காரர் யோக்கியரா என்று சொல்லாது.

பாங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தளம் தொடங்கும் மோசடிக்காரனும் சான்றிதழ் வாங்கலாம். காசில்லாமலே கிடைக்கிறது. பூட்டுப் படத்தைக் கண்டு பலர் ஏமாந்ததால், 2023-ல் கூகுள் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

எனவே பெயரைப் படிப்பது அவசியம். பாங்கிகள் தங்கள் தளங்களை "பாங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-ந் தேதிக்குள் மாற்றவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. பாங்கிகளுக்கு மட்டுமே அந்த முகவரி கிடைக்கும். முகவரியில் தளத்தின் பெயர் அப்படியே முடிகிறதா என்று பாருங்கள்.

எஸ்.எம்.எஸ்.சில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். "சான்றிதழ் சரியில்லை" என்று எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள்.