வட கரேலியா: வெண்ணெயைக் குறைத்த மாகாணம்

பின்லாந்தின் கிழக்கு எல்லையில் ரஷ்யாவை ஒட்டி இருக்கிறது வட கரேலியா. மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் பிழைத்த அந்த மாகாணத்தில், பார்வைக்குத் திடமாக இருந்த நடுத்தர வயது ஆண்கள் 1960களில் அடுத்தடுத்து மாரடைப்பில் இறந்தார்கள். ஏழு நாடுகளை ஒப்பிட்டு ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்விலும் இதயநோய் மிகுந்த பகுதியாகக் கிழக்கு பின்லாந்தே தெரிந்தது. 1971இல் மாகாண ஆளுநரும் உள்ளூர்ப் பிரதிநிதிகளும் உதவி கேட்டு அரசிடம் மனு கொடுத்தார்கள். மறு ஆண்டே, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, வட கரேலியா திட்டம் தொடங்கியது. தலைமை ஏற்ற மருத்துவர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

நோயின் வேர்

முதல் வேலையாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. கொலஸ்ட்ரால் மிக அதிகம். ரத்த அழுத்தமும் அதிகம். ஆண்களில் பாதிப் பேர் புகைபிடித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் ரொட்டியில் வெண்ணெய்தான் தடவினார்கள். கொழுப்பு நீக்காத பால், உப்பு தூக்கலான இறைச்சி, வடிகட்டாமல் கொதிக்கவைத்த காபி எல்லாம் அன்றாடப் பழக்கம். காய்கறி என்றால் மாட்டுத் தீவனம் என்று பலர் நினைத்தார்கள். வறுமையைக் கண்ட மக்களுக்கு வெண்ணெயும் பாலும் வாழ்க்கை மேம்பட்டதன் அடையாளம். பால்பண்ணையே அவர்களின் வருமானமும்கூட. அதை விடச் சொல்வது எளிதான காரியம் இல்லை.

சமையலறைக்குள் போன திட்டம்

அறிவுரைத் துண்டறிக்கை மட்டும் எந்தப் பழக்கத்தையும் மாற்றிவிடாது என்பதைத் திட்டக்குழு தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது; அதன் பெரிய பலமும் அதுதான். மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து ஊர் ஊராக விருந்துகள் நடத்தப்பட்டன. வழக்கமான குழம்பையே கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ருசி கெடவில்லை என்பதை வாயால் அறிந்தவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, அண்டை அயலாரிடம் பேசவைத்தார்கள். புகைப்பழக்கத்தை விட முயல்வோரைத் தொலைக்காட்சியில் தொடர்ந்து காட்டினார்கள். வீட்டிலிருந்து பார்த்தவர்களும் கூடவே முயன்றார்கள். பின்னாளில் கிராமங்களுக்கிடையே கொலஸ்ட்ரால் குறைப்புப் போட்டிகள்கூட நடந்தன.

கடை, ஆலை, வயல்

நல்லதைத் தேர்ந்தெடுக்க மனம் இருந்தாலும், அது கடையில் கிடைக்க வேண்டுமே! உள்ளூர் சாசேஜ் ஆலை, கொழுப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் காளானைச் சேர்க்க முன்வந்தது. கொழுப்பு குறைந்த பால் பரவலாகக் கிடைத்தது. குளிரைத் தாங்கும் கடுகுக் குடும்பச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. பால் விற்பனை குறைந்தால் நஷ்டப்படும் விவசாயிகளை பெர்ரிப் பழ சாகுபடிக்குத் திருப்பும் திட்டமும் வந்தது. பிழைப்பைப் பற்றியும் யோசித்த இந்த அக்கறை, மற்ற நாடுகளின் சுகாதாரத் திட்டங்களில் அரிது. நாடு முழுமைக்குமாக 1976இல் புகையிலைச் சட்டம் நிறைவேறி, விளம்பரங்கள் தடுக்கப்பட்டன.

விளைவும் ஐயமும்

இதயநோயால் இறக்கும் வேலை செய்யும் வயது ஆண்களின் விகிதம், அடுத்த நாற்பது ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புதிய சிகிச்சைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை ஆகிய மூன்றும் குறைந்ததே இந்தச் சரிவின் பெரும்பகுதிக்குக் காரணம் என ஆய்வுகள் கணக்கிட்டன. அவற்றிலும் உணவு மாற்றத்தால் இறங்கிய கொலஸ்ட்ராலின் பங்கே அதிகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட அண்டை மாகாணமான குவோபியோவிலும் மரணங்கள் குறையத் தொடங்கின. வட கரேலியாவின் செய்திகளும் புதிய பொருட்களும் எல்லை தாண்டிப் போனது காரணமா, நாடே மாறிக்கொண்டிருந்ததா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். இந்தப் பாதையில் அமெரிக்காவில் பல ஊர்களில் நடந்த முயற்சிகளுக்குச் சிறிய பலனே கிடைத்தது. அதனால் இதைப் பிற ஊர்களில் அப்படியே நகலெடுத்துவிட முடியும் என்று சொல்வதற்கில்லை.

பெற்ற பலனும் தானாக நிலைத்து நிற்கவில்லை. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை பிரபலமானபோது, பின்லாந்தில் வெண்ணெய் திரும்ப வந்தது. பல பத்தாண்டுகளாக இறங்கிவந்த கொலஸ்ட்ரால் 2012 கணக்கெடுப்பில் மறுபடி ஏறியிருந்தது.