ஒரு பஞ்சாபி சூட்டுக்கு மூன்று சுங்க எண்கள் ஏன்?

தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே சென்னையிலிருந்தும் சூரத்திலிருந்தும் கிளம்பிய துணிப் பெட்டிகள் கிள்ளான் துறைமுகத்துக்கு வரத் தொடங்கிவிடும். மஸ்ஜித் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, தோட்டத்து வீட்டிலிருந்தபடியே முகநூல் நேரலையில் சேலை விற்கும் பெண்களுக்கும் வருட வருமானத்தில் பெரும் பங்கு அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. பாரத்தில் எழுதிய எண் சரியில்லை என்று சரக்கு நிறுத்தப்பட்டால், பண்டிகை முடிந்த பிறகு அதை வாங்க ஆள் இருக்காது.

அந்த எண்ணுக்கு எச்.எஸ். குறியீடு என்று பெயர். 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அனைத்துலக வகைப்பாடு இது. முதல் 6 இலக்கங்கள் இதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. ஆசியான் நாடுகள் மேலும் 2 இலக்கம் சேர்க்கின்றன. மலேசியாவில் கே1 இறக்குமதிப் பாரத்தில் மொத்தம் 10 இலக்கம் எழுத வேண்டும்.

கடையில் துணிக்கு என்ன பெயர் சொல்லி விற்கிறோம் என்பது சுங்கத் துறைக்கு முக்கியமில்லை. அவர்களின் முதல் கேள்வி: இது பின்னலாடையா, தறியில் நெய்ததா? பின்னலாடை 61ஆம் அத்தியாயம், நெய்தது 62ஆம் அத்தியாயம். திருப்பூரிலிருந்து வரும் பருத்தி டி-சட்டை 6109.10. பொத்தான் வைத்துத் தறித்துணியில் தைத்த ஆண்களின் பருத்திச் சட்டை 6205.20. பில்லில் ‘காட்டன் சட்டை’ என்று மட்டும் இருந்தால் இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது இழை. எடையில் எது அதிகமோ அதுவே கணக்கு. 60 விழுக்காடு பாலியஸ்டர், 40 விழுக்காடு பருத்தி என்றால், காட்டன் என்று சொல்லி விற்றாலும் அது செயற்கை இழைச் சட்டை, 6205.30. சரிபாதியாக இருந்தால் அட்டவணையில் பிந்தி வரும் இழையின் கணக்கில் போகும். பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் இடையில் அது பாலியஸ்டர்தான்.

ஆண் உடையா, பெண் உடையா என்பதற்கும் விதி உண்டு. முன்பக்கம் இடது பக்கம் வலதின்மேல் மூடினால் ஆண் உடை, வலது பக்கம் இடதின்மேல் மூடினால் பெண் உடை. தையலிலேயே தெளிவாகத் தெரிந்தால் இதைப் பார்க்கத் தேவையில்லை. எப்படிப் பார்த்தும் பிரிக்க முடியாத உடை பெண்கள் பட்டியலில் சேரும். இருபாலரும் போடலாம் என்று விற்கப்படும் ஜிப்பாக்களை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு வயதுக் கணக்கு கிடையாது. 86 சென்டிமீட்டர் உயரம் வரையிலான குழந்தைக்கு உரியதா என்றுதான் பார்ப்பார்கள்.

அதிகம் குழம்புவது பஞ்சாபி சூட்டில்தான். ஒரே பையில், ஒரே விலையில் வந்தாலும் வெவ்வேறு தலைப்பில் வரும் உடைகளைத் தனித்தனியாகவே வகைப்படுத்த வேண்டும் என்பது பொது விதி. மேல்சட்டைக்கு ஓர் எண், கால்சட்டைக்கு ஓர் எண், நெய்த துப்பட்டாவுக்கு 6214. மேலும் கீழும் ஒரே துணி, ஒரே நிறம், பொருந்தும் அளவு என்றிருந்தால் அவை இரண்டும் ஒரு தொகுப்பாகக் கருதப்படலாம். துப்பட்டா அப்போதும் தனிதான்.

சேலையில் வேறொரு சிக்கல். இந்திய அட்டவணை பட்டுச் சேலையை உடையாகப் பார்ப்பதில்லை. 5007 என்ற பட்டுத்துணித் தலைப்பில் வைக்கிறது. காஞ்சிபுரத்து வியாபாரி பில்லில் போட்டிருக்கும் இந்திய எண்ணை அப்படியே கே1 பாரத்தில் இறக்கிவிடக் கூடாது. இங்கே எந்த எண் என்பதை முடிவு செய்வது மலேசியச் சுங்கத் துறை.

பண்டல் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 6309 என்ற பழைய உடை எண்ணுக்கு, உடுத்திய அடையாளம் தெரிய வேண்டும். மொத்தமாக மூட்டையிலோ சாக்கிலோ வந்திருக்கவும் வேண்டும். விற்காமல் தேங்கிய புதுச் சரக்கு அதில் சேராது.

எண்ணைப் பொறுத்தே சலுகையும். ஆசியான்–இந்தியா தடையற்ற வாணிப ஒப்பந்தம் மலேசியாவுக்கு 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் சலுகையைக் கோர ‘ஏஐ’ பாரம் என்ற பூர்வீகச் சான்றிதழ் வேண்டும். அதிலுள்ள எண்ணும் கே1 பாரத்திலுள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி எழும். சூரத் வியாபாரி விற்றாலும் சீனாவில் தைத்த உடைக்கு அந்தச் சான்றிதழ் பொருந்தாது. சிங்கப்பூரில் துணிக்குச் சுங்க வரியே இல்லை, 9 விழுக்காடு ஜிஎஸ்டி மட்டும்தான். ஆனாலும் இறக்குமதி அனுமதியில் எண் எழுதியாக வேண்டும்.

ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் சரக்கு யார் பெயரில் வருகிறதோ அவரிடம்தான் குறைந்த வரியைக் கேட்பார்கள். சந்தேகமான உடைக்கு, 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் கீழ், சரக்கு வரும் முன்பே சுங்கத் துறையிடம் எழுத்துபூர்வத் தீர்ப்பு கேட்கலாம். பணம் அனுப்பும் முன் வியாபாரியிடம் பில்லை இப்படி எழுதித் தரச் சொல்லலாம்: ‘பெண்கள் கால்சட்டை, நெய்தது, பருத்தி 100 விழுக்காடு, 200 உருப்படி, இந்தியாவில் தைத்தது.’ துப்பட்டா அடுத்த வரியில், அதன் தனி விலையோடு.