ஆறு முட்டையும் ஆறு லட்சம் டாலரும்... தெரியுமா?

மழை பெய்தால் ஆசிரியருக்கு மாணவர் குடை பிடிப்பார், அதன் கீழ் பாடம் நடக்கும்! அப்படி ஒரு கல்விக்கூடம் இருந்தது தெரியுமா? அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கும் டஸ்கிகீதான் அது! 1881-இல் கறுப்பின மக்களுக்காகப் புக்கர் டி. வாஷிங்டன் தொடங்கியபோது மொத்தம் 30 மாணவர்கள். பிறகு ஒரு பழைய பண்ணை கிடைத்தது. அங்கே? கோழிக்கூடும் வகுப்பறை ஆனது!

சொந்தமாகச் செங்கல் சுட நினைத்தார்கள். முதல் சூளை தோல்வி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவது நள்ளிரவில் சரிந்தே போனது! கையில் காசில்லை. வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? கைக்கடக்கமான தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார்! நான்காவது சூளை ஜெயித்தது. கடிகாரம்? மீட்கவே இல்லை!

1900 வாக்கில் ஒரே பருவத்தில் மாணவர்கள் அறுத்த செங்கல் 12 லட்சம்! அப்போதிருந்த 40 கட்டடங்களில் நான்கைத் தவிர மற்றவை பெரும்பாலும் மாணவர்களே கட்டியவை. நம்ப முடிகிறதா?

பல கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர் ராபர்ட் டெய்லர். புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்! அவருடைய கொள்ளுப்பேத்தி வலேரி ஜாரெட் யார் தெரியுமா? ஒபாமா அதிபராக இருந்தபோது அவருக்கு மூத்த ஆலோசகராக இருந்தவர்!

நூலகக் கதை இன்னும் சுவையானது. 12,000 புத்தகங்களும் இதழ்களும் ஒரு குடிசை மூலையில் முடங்கிக் கிடந்தன. எஃகுக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னெகிக்கு 1900 டிசம்பரில் வாஷிங்டனிடமிருந்து ஒரு கடிதம் போனது. வாஷிங்டன் முதலில் சந்தித்தபோது கார்னெகி அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சந்திப்புக்குப் பிறகு பத்து வருடம் ஓடியிருந்தது! இம்முறை பதில் வந்தது: கட்டுங்கள், 20,000 டாலர் வரை பில் என்னுடையது! 1903-இல் அதே மனிதர் இன்னும் 6,00,000 டாலர் அள்ளிக் கொடுத்தார்!

ஆனால் வாஷிங்டன் நெகிழ்ந்து எழுதியது வேறொரு நன்கொடையைப் பற்றி. அடிமையாய் வாழ்ந்து முடித்த எழுபது வயதுப் பாட்டி, கந்தல் உடுத்தி, கோலூன்றி வந்து கொடுத்தார்... ஆறு முட்டை! இன்னொரு முதியவர் வளர்த்த பன்றிகளே இரண்டு. அதில் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றி 12 மைல் தாண்டிக் கொண்டுவந்தார்! என்னைக் கேட்டால், கார்னெகி கொடுத்ததைவிட இதுதான் பெரிய தொகை!

1912-இல் சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட் டஸ்கிகீக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சியதை வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆறு சிறு பள்ளிகள் எழுந்தன. அந்த ஆறு, அவருடைய நிதியாலும் ஊர்மக்கள் போட்ட பணத்தாலும் 1932-க்குள் எத்தனையாகப் பெருகியது தெரியுமா? கிட்டத்தட்ட 5,000!