வகுப்பறைச் சூழல்மண்டலம்

வகுப்பறைச் சூழல்மண்டலம் என்பது நீர்ச்செடி, மீன், நத்தை, நுண்ணுயிரி ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து வாழும்படி கண்ணாடித் தொட்டியில் அமைக்கப்படும் சிறு வாழிடமாகும். உயிரினங்களோடு அவை வாழும் நீர், மண், ஒளி, வெப்பம் ஆகிய உயிரற்ற கூறுகளும் இதில் அடங்கும். சூழல்மண்டலம் என்னும் கருத்தை 1935-இல் பெயரிட்டு விளக்கியவர் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்சிலி. கோயம்புத்தூரின் குளங்களில் நடைபெறும் பல நிகழ்வுகளை ஒரு மேசையின்மேல் வைத்துக் கவனிக்க இத்தகைய தொட்டி உதவுகிறது.

முன்னோடிச் சோதனை

இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் தமது தொட்டிச் சோதனையை 1850-இல் வெளியிட்டார். அவர் இரண்டு தங்கமீன்களையும் வாலிசுனேரியா என்ற நீர்ச்செடியையும் ஒன்றாக வளர்த்தார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொண்டு ஆக்சிசனைத் திருப்பித் தரும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது, பாசியும் படர்ந்தது. குளத்து நத்தைகளை விட்டதும் அவை அழுகலையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. நத்தையின் முட்டைகள் மீனுக்கு இரையாயின.

உயிரினங்களின் பங்கு

உற்பத்தியாளர்கள்: வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளும் பாசிகளும் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன.

நுகர்வோர்: நத்தை பாசியை உண்கிறது. கப்பி மீன் கொசுப்புழுவை உண்கிறது. மீன் இல்லாத திறந்த தொட்டியில் கொசு பெருகும்.

சிதைப்போர்: பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் கழிவையும் இறந்த உடல்களையும் சிதைத்து, செடிகளுக்கு வேண்டிய சத்துகளாக மாற்றுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத பணி

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்ற, செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்கின்றன. கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். தொட்டி வைத்த முதல் நாளிலேயே பல மீன்களை விட்டால் அவை இறப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். குழாய் நீரிலுள்ள குளோரினும் மீனுக்கும் இந்த பாக்டீரியாக்களுக்கும் கேடு விளைவிக்கும். எனவே நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும்.

சமநிலை குலைதல்

25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிசனே கரைந்திருக்கும். வெப்பம் கூடினால் இன்னும் குறையும். இரவில் செடிகளும் ஆக்சிசனையே சுவாசிப்பதால், விடியற்காலையில் அதன் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்பது இதன் அடையாளம். விடுமுறைக்கு முன் தீனியை அள்ளிப் போடுவது உதவாது. மிஞ்சிய தீனி அழுகும்போது பெருகும் பாக்டீரியாக்கள் மீனுக்குரிய ஆக்சிசனையும் எடுத்துக்கொள்ளும்.

பெரிய அளவிலும் இதுவே நிகழும். அமெரிக்காவின் அரிசோனாவில் 1991-இல் எட்டுப் பேர் மூடிய கட்டமைப்பான ‘பயோஸ்பியர் 2’-க்குள் வாழத் தொடங்கினர். வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிரிகள் அளவுக்கு மீறி ஆக்சிசனைப் பயன்படுத்தியதால், வெளியிலிருந்து அதைச் செலுத்த நேர்ந்தது.

கோவைக் குளங்களில்

உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம் போன்றவை நொய்யல் ஆற்றோடு இணைந்தவை. கழிவுநீர் கலக்கும்போது அவற்றில் சத்துகள் மிகுந்து ஆகாயத்தாமரை படர்கிறது. அது ஒளியைத் தடுப்பதால் அடியிலுள்ள செடிகள் மடிகின்றன. அவை அழுகும்போது ஆக்சிசன் குறைந்து மீன்கள் இறக்கின்றன. மீனை நம்பி வரும் பறவைகளும் இரையிழக்கின்றன. தொட்டியில் மிஞ்சிய தீனி செய்வதைக் குளத்தில் கழிவுநீர் செய்கிறது. சிங்காநல்லூர் குளம் 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

கப்பி மீனும் ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. கல்வியாண்டு முடிந்ததும் தொட்டி உயிரினங்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. புதிய இடத்தில் பெருகி, அங்குள்ள உயிரினங்களின் இரையையும் இடத்தையும் அவை பறித்துக்கொள்ளலாம். மீன்களை வளர்க்க விரும்புவோரிடம் ஒப்படைப்பதே நல்லது.