பாலத்துக்குப் போட்ட ஒட்டு

குடை கிழிந்தால் ஒட்டுப் போடுகிறோம். மிதிவண்டி டியூபில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் ஒட்டுகிறோம். நாள்தோறும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் ஓடும் பாலத்தில் விரிசல் கண்டால் என்ன செய்வது?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ, ஓக்லந்து நகரங்களை இணைக்கும் விரிகுடாப் பாலம் 1936-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1989-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அதன் கிழக்குப் பகுதி மேல்தளத்தின் ஒரு துண்டு இடிந்து கீழ்த்தளத்தில் விழுந்தது. ஒரே மாதத்தில் அதைச் சீர்செய்தார்கள். எனினும் கிழக்குப் பகுதிக்குப் பதிலாகப் புதிய பாலமே கட்டுவதென முடிவாயிற்று. அது தயாராகும்வரை பழைய பாலம் உழைத்தாக வேண்டுமே!

2009 செப்டம்பரில் பாலத்தை மூடி வேலை நடந்தபோது, 'கண் பட்டை' ஒன்றில் விரிசல் தென்பட்டது. முனையில் ஊசிக்காதுபோல் துளையுள்ள நீண்ட எஃகுப் பட்டை இது. துளைகளில் கனத்த முளையைச் செருகிப் பட்டைகளைக் கோத்திருப்பார்கள்.

ஒரு காகிதப் பட்டையின் இரு முனைகளையும் பிடித்து இழுங்கள், எளிதில் கிழியாது. ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டு இழுங்கள், சட்டென்று கிழியும். வெட்டின் நுனியில் விசை குவிவதே காரணம். எஃகுக்கும் இதே விதிதான். 1967-இல் ஒகையோ ஆற்றின் மேலிருந்த 'சில்வர்' பாலத்தில் கண் பட்டை ஒன்று முறிந்ததால் பாலமே சரிந்து 46 பேர் மாண்டனர்.

எனவே பொறியாளர்கள் விரைந்தனர். பட்டையின் முனைகளில் சேணம் போன்ற எஃகுத் துண்டுகளைப் பொருத்தி, கம்பிகளால் இறுக இழுத்துக் கட்டினர். சுமை விரிசலைத் தவிர்த்துக் கம்பிகள் வழியே செல்லும் என்பது கணக்கு.

அக்டோபர் 27 மாலை பலத்த காற்று வீசியது. கம்பி முறிந்து, குறுக்குச் சட்டத்தோடு சாலையில் விழுந்தது! வண்டிகள் சேதமுற்றன, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தை மறுபடி மூட நேர்ந்தது.

சுமையைத் தாங்கிய கம்பி, காற்றில் இடைவிடாது அதிர்ந்ததைத் தாங்கவில்லை. மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிகிறதல்லவா? இதுவே 'உலோகச் சோர்வு'. இரண்டாம் முறை அதிர்வைக் குறைத்ததோடு, துண்டு உடைந்தாலும் கீழே விழாதபடி கட்டியும் வைத்தனர்.

புதிய பாலத்துக்கும் சோதனை வந்தது. நிலநடுக்கத்தின்போது பாலம் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பூட்டுகளின் 96 எஃகுத் தண்டுகளை 2013 மார்ச்சில் முறுக்கி இறுக்கினர். சில நாட்களில் 32 தண்டுகள் முறிந்தன! துளைகளில் நீர் தேங்கியிருந்தது. ஹைட்ரஜன் அணுக்கள் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கச் செய்துவிட்டன. மிகு வலிமை கொண்ட எஃகையே இந்நோய் எளிதில் பற்றும்.

இங்கும் முதலில் தற்காலிக வைத்தியம்தான். அருகிலிருந்த தாங்கிகளின் இடைவெளிகளில் எஃகுத் தகடுகளைச் செருகினர். நிலநடுக்கம் வந்தால் பூட்டுகளின் வேலையைத் தாங்கிகள் பார்த்துக்கொள்ளும். செப்டம்பரில் பாலம் திறந்தது. டிசம்பரில் நிரந்தரப் பழுதுவேலையும் முடிந்தது.

தற்காலிக வேலைதானே என்று விட்டுவிட முடியாது. சுமை எவ்வழியே செல்லும்? காற்றில் அதிருமா? உடைந்தால் எங்கே விழும்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே பாலத்துக்கு ஒட்டுப் போட வேண்டும்.