ஹலால்தான்... ஆனால் தய்யிபா? குளிர்பானங்களும் நம் குடும்பங்களின் ஆரோக்கியமும்

"ஹஜ்ரத், இந்தக் குளிர்பானத்தில் ஆல்கஹால் கலக்கிறார்களாமே, குடிக்கலாமா?" "பன்றியிலிருந்து எடுத்த பொருள் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறதே, உண்மையா?" பயான் முடிந்து இறங்கியதும் நம்மிடம் அடிக்கடி வருகின்ற கேள்விகள் இவை. ஹலால், ஹராம் விஷயத்தில் மக்களுக்கு இருக்கும் இந்தப் பேணுதல் மகிழ்ச்சி தருகிறது. அதே நேரத்தில், "இந்த ஒரு பாட்டிலில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது?" என்று கேட்டு வந்தவர்கள் மிக மிகக் குறைவு.

திருக்குர்ஆன் (2:168) பூமியில் உள்ளவற்றை உண்ணச் சொல்லும்போது 'ஹலால்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. தூய்மையானது, நல்லது, உடலுக்கும் உள்ளத்துக்கும் உகந்தது என்று அதற்கு விரிவான பொருள் உண்டு. முதல் சொல்லை நாம் இறுகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவது சொல்லைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். குளிர்பானம் அதற்குத் தெளிவான உதாரணம்.

வதந்திகளை முதலில் ஒதுக்குவோம்

ஒரு குளிர்பானத்தின் பெயரைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் இஸ்லாத்துக்கு எதிரான வாசகம் தெரிகிறது என்று ஒரு செய்தி பல ஆண்டுகள் சுற்றியது. எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த நஸ்ர் ஃபரீத் வாஸில் அவர்கள் 2000ஆம் ஆண்டிலேயே அது ஆதாரமற்றது என்று தெளிவுபடுத்திவிட்டார். ஆனாலும் அது இன்னும் ஃபார்வர்டு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. 'கோலாவில் பல்லைப் போட்டு வைத்தால் ஒரே இரவில் கரைந்துவிடும்' என்பதும் இப்படித்தான். கோலாவில் அமிலம் உண்டு. ஆனால் நம் இரைப்பையில் இயல்பாகச் சுரக்கும் அமிலம் அதைவிடக் கடுமையானது.

கேள்விப்பட்டதை எல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (முஸ்லிம்). ஒரு பொருளின் தீமையைச் சொல்லும்போதும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மேலும், குளிர்பானத்தின் தீமையை விளக்க வதந்தி தேவையே இல்லை. லேபிளில் அச்சிட்டிருப்பதே போதும்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

தண்ணீர், அழுத்தம் கொடுத்து அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயு, சர்க்கரை, அமிலம், நிறம், மணம். கோலா வகை என்றால் கூடவே காஃபின். 1767ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி தண்ணீரில் இந்த வாயுவைக் கரைத்துப் பார்த்தார். இன்று நாம் குடிக்கும் சோடாவுக்கு அதுதான் தொடக்கம். வெறும் சோடா பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தீங்கு எதுவும் செய்வதில்லை. சிக்கல், அதோடு சேரும் சர்க்கரையில் இருக்கிறது.

சாதாரணக் கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தால், 300 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 8 தேக்கரண்டி. வீட்டுக்கு வாங்கி வரும் 2 லிட்டர் பாட்டிலில் 200 கிராமுக்கும் மேல். ஒரு டம்ளர் தேநீரில் யாராவது 8 ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் நம்மால் குடிக்க முடியுமா? பாட்டிலில் இருந்தால் மட்டும் எப்படி முடிகிறது? அதில் இருக்கும் புளிப்பும், சுருக்கென்ற வாயுவும், ஐஸ் குளிர்ச்சியும் சேர்ந்து இனிப்பின் கனத்தை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. அதே பானத்தை வாயு போக விட்டு, குளிர்ச்சியும் இல்லாமல் குடித்துப் பாருங்கள். இரண்டு வாயிலேயே திகட்டிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரை நம் அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அந்த 5 சதவீதம் என்பது ஏறத்தாழ 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி. ஒரு சின்ன பாட்டில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. குழந்தைகளுக்குரிய அளவு இதைவிடவும் குறைவு.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

சோறோ பழமோ சாப்பிட்டால் வயிறு நிறைந்த உணர்வு வரும். அடுத்த வேளை உணவு தானாகக் குறையும். திரவமாகப் போகும் சர்க்கரை அந்த உணர்வை அவ்வளவாகத் தருவதில்லை. எனவே குளிர்பானம் குடித்தவர் சாப்பாட்டைக் குறைப்பதில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சர்க்கரை வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. அதைச் சமாளிக்கக் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரையின் ஒரு பாதியான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. அளவு மீறும்போது அங்கே கொழுப்பாக மாறுகிறது. மது தொடாத நம் பிள்ளைகளுக்கும் 'கல்லீரலில் கொழுப்பு' என்று ஸ்கேன் ரிப்போர்ட் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2010ஆம் ஆண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். தினமும் ஒன்றிரண்டு முறை சர்க்கரை பானம் குடிப்பவர்களுக்கு, அரிதாகக் குடிப்பவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் குடும்பங்களில் வாப்பாவுக்கு மாத்திரை, உம்மாவுக்கு இன்சுலின் என்பது சாதாரணமாகிவிட்டது. பெற்றோருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். அந்தப் பிள்ளைகளின் கையில்தான் நாம் பாட்டிலைக் கொடுக்கிறோம்.

பற்களுக்கு இரட்டைத் தாக்குதல். பல்லின் எனாமல், அமில அளவு பி.எச். 5.5க்குக் கீழே போனால் கனிமங்களை இழக்கத் தொடங்குகிறது. கோலாவின் பி.எச். சுமார் 2.5. அதில் இருக்கும் சர்க்கரையும் வாயிலுள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனியாகி மேலும் அமிலத்தை உண்டாக்குகிறது. ஒரு பாட்டிலை மணிக்கணக்கில் வைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்சுவது பல்லுக்கு இன்னும் கெடுதல். குடித்த உடனே பல் தேய்ப்பதும் கூடாது. அமிலத்தால் மிருதுவான எனாமல் அப்போது எளிதில் தேயும். தண்ணீரால் வாய் கொப்பளிப்பதே சரி.

'எனர்ஜி டிரிங்க்' என்று விற்கப்படுவதில் காஃபினும் அதிகம். 250 மில்லியில் சுமார் 80 மில்லி கிராம் வரை இருக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை அந்த டப்பாவிலேயே இருக்கிறது. எழுத்து சிறியதாக இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

பிரியாணியும் கலரும்

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கடையிலிருந்து 'கலர்' வாங்கி வந்து கொடுப்பது பெரிய மரியாதை. எப்போதோ ஒரு நாள் கிடைத்தது அது. இன்று வலீமா பந்தியில் ஒவ்வொரு சஹனுக்குப் பக்கத்திலும் பாட்டில் நிற்கிறது. இல்லையென்றால் 'கஞ்சத்தனம்' என்று பேச்சு வருகிறது. கேட்டால், 'பிரியாணி செரிக்க வேண்டாமா?' என்கிறார்கள்.

குளிர்பானம் எதையும் செரிக்க வைப்பதில்லை. உள்ளே போன வாயு ஏப்பமாக வெளியே வரும்போது வயிறு லேசானது போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த வாயு நிறைந்த வயிற்றை இன்னும் உப்ப வைக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதைக் கூட்டவும் செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பேருக்கு ஆளுக்கு ஒரு 200 மில்லி பாட்டில். ஒன்றில் சுமார் 21 கிராம் சர்க்கரை. மொத்தம் பத்தரைக் கிலோ. மண்டப வாசலில் சர்க்கரை மூட்டையைப் பிரித்து வைத்து, வருகிற ஒவ்வொருவர் வாயிலும் ஐந்து ஸ்பூன் கொட்டி அனுப்பினால் அதை விருந்தோம்பல் என்போமா? பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வந்திருப்பார்கள்! விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது சுன்னத். அவருக்குத் தீங்கானதைக் கொடுப்பது கண்ணியம் ஆகாது.

நோன்பு திறக்கும் நேரத்தில்

பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பட்டினி கிடந்த வயிறு. மக்ரிப் பாங்கு சொன்னதும் அதில் முதலில் இறங்குவது ஒரு டம்ளர் ஐஸ் கோலா என்றால், இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும். வயிறும் வாயுவால் அடைத்துக்கொள்ளும். பிறகு தராவீஹில் நிற்கும்போது நெஞ்செரிச்சலும் ஏப்பமும்தான். வளைகுடா நாடுகளில் ரமளான் வந்தால் சர்பத் பாட்டில்கள் மலைபோல் குவியும். அங்கிருந்து ஊருக்கு வரும் சகோதரர்கள் அதையும் கொண்டு வருகிறார்கள். அங்குள்ள அரசுகளும் இந்த ஆபத்தை உணர்ந்தே இருக்கின்றன. சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2017இல் வாயு பானங்களுக்கு 50 சதவீதமும் எனர்ஜி பானங்களுக்கு 100 சதவீதமும் கலால் வரி விதித்தன.

நபி (ஸல்) அவர்கள் தொழுவதற்கு முன் செங்காய்களால் நோன்பு திறப்பார்கள், அது இல்லையென்றால் பேரீச்சம் பழங்களால், அதுவும் இல்லையென்றால் சில மிடறு தண்ணீரால் திறப்பார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதி). பேரீச்சையிலும் இனிப்பு உண்டு. ஆனால் அது நார்ச்சத்தோடு சேர்ந்து வருகிறது, மென்று தின்ன வேண்டியிருக்கிறது, இரண்டு மூன்றோடு போதும் என்றாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நம் ஊர்ப் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைவிடச் சிறந்த பானம் எது?

தாய்மார்களின் கவனத்துக்கு

பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் 'சோடா கலர் கொடு, நின்றுவிடும்' என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. இது ஆபத்தானது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் தேவையான உப்புகளும் இருக்கும். குளிர்பானத்தில் ஒரு லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை. உப்போ மிகக் குறைவு. அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். குளிர்பானத்துக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ்.

இன்சுலின் போடுபவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால், அவர் நினைவோடு இருக்கும்போது அரை டம்ளர் இனிப்புக் குளிர்பானம் கொடுப்பது உதவும். அப்போது அது மருந்து. சர்க்கரை இல்லாத 'ஜீரோ' வகை அந்த நேரத்தில் பயன்படாது.

கம்பெனியை மாற்றினால் போதுமா?

ஃபலஸ்தீன் மக்களின் துயரைக் கண்டு, நம்மில் பல குடும்பங்கள் சில வெளிநாட்டுக் குளிர்பானங்களை வாங்குவதை நிறுத்தினார்கள். அந்த உணர்வை நாம் மதிக்கிறோம். 2017இல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று அறிவித்தபோதும் உள்ளூர் பானங்களுக்கு வரவேற்பு கிடைத்தது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற நிறுவனங்கள் நம் மண்ணிலேயே உண்டு. உள்ளூர் வணிகத்தை ஆதரிப்பது வேறு விஷயம். ஆனால் உடலுக்குள் போன சர்க்கரைக்கு நாடு தெரியாது, கொடி தெரியாது. பெயரை மாற்றிவிட்டு அதே அளவு குடித்தால், நம் கல்லீரலைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. ஒரு பானத்தை அல்லாஹ்வுக்காக விட முடிந்த நமக்கு, இந்தப் பழக்கத்தையே விடும் மன உறுதியும் இருக்கிறது என்பதே அந்தப் புறக்கணிப்பு காட்டும் பாடம்.

'ஜீரோ' பானம் சரியா? அதில் சர்க்கரை இல்லை என்பது உண்மை. ஆனால் பல்லை அரிக்கும் அமிலம் அப்படியே இருக்கிறது. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. நன்னாரி சர்பத், ரோஸ் மில்க் ஆகியவையும் சர்க்கரைப் பாகுதான் என்பதை மறக்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

குளிர்பானம் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. அல்லாஹ் தடுக்காததைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நபிமொழியிலிருந்து வந்த அடிப்படை விதி (இப்னுமாஜா). மருத்துவர் தடுத்த பிறகும் குடிக்கும் நோயாளி இந்த விதியை நினைத்துப் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு:

1. வாராந்திர மளிகைப் பட்டியலிலிருந்து பெரிய பாட்டிலை நீக்குங்கள். வீட்டில் இல்லாததைப் பிள்ளை கேட்பது தானாகக் குறையும்.

2. லேபிளில் '100 மில்லிக்குச் சர்க்கரை' என்ற வரியைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். பாட்டிலின் மொத்த அளவுக்குக் கணக்கிட்டு நான்கால் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரிந்துவிடும்.

3. தண்ணீர், மோர், இளநீர், சர்க்கரை குறைத்த எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பழக்குங்கள். பேரீச்சையைக் காலையில் தண்ணீரில் ஊறப்போட்டு மாலையில் குடிக்கும் நபீத், நபி (ஸல்) அவர்கள் அருந்திய பானம். புளித்துப் போகவிடாமல் அன்றன்றே குடித்துவிட வேண்டும்.

4. வலீமாவிலும் இஃப்தாரிலும் குளிர்பானம் வேண்டாம் என்று ஜமாஅத் நிர்வாகிகள் பேசி முடிவெடுக்கலாம். ஒருவர் தனியாக நிறுத்தினால் 'கஞ்சன்' என்பார்கள். மஹல்லாவே சேர்ந்து நிறுத்தினால் அது நல்ல வழக்கமாகிவிடும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு பானத்துக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள் (திர்மிதி). பானத்துக்கான பங்கை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் இப்போது நம் முன் உள்ள கேள்வி. நம் உடலும் பிள்ளைகளின் உடலும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். ஹலாலானதை மட்டுமின்றி, தய்யிபானதையும் தேடி உண்ணவும் பருகவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.